வாய் நிறையத் தண்ணீர்

ரொமலீ கை கழுவி முடிக்கட்டும் என்று பிக்கப் வண்டியை ஓரங்கட்டி வைத்திருந்தேன். பின்னால் திறந்த தட்டில் நான்கு ஆசிரியைகளும் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி சைனப்பும் உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் மரங்களுக்குக் கீழே குந்தியிருந்த ரொமலீ, பழைய பால்மாவு டப்பாவிலிருந்து ஒரு பிடி சலித்த மண்ணை எடுத்து, தண்ணீரில் குழைத்து, முழங்கைவரை பூசித் தேய்த்தான். அப்புறம் தண்ணீர். மறுபடி தண்ணீர். மண்ணோடு சேர்த்து ஏழு முறை. நாயின் எச்சிலோ நனைந்த ரோமமோ பட்டுவிட்டால் முஸ்லிம்களுக்கு அதுதான் முறை. காய்ந்த கை காய்ந்த நாய்மேல் பட்டால் ஒன்றுமில்லை என்று அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். ஆனால் தாய்லாந்தின் தென்கோடியில், யாலாவின் மலைப்பக்கத்தில் அந்த மாதத்தில் காய்ந்த நாய் எங்கே இருக்கிறது? காய்ந்த மனிதனே கிடையாது. மழை நின்றாலும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும்.

பெரிய டீச்சர் பொறுமை இழந்து, பிள்ளைகள் கொடியேற்றி முடித்துச் சாப்பாட்டுக்கே வந்திருக்கும் என்றாள். சைனப் தன் புருஷனைப் பார்த்தபடியே சொன்னாள்:

"வீட்டுல ஒரு தட்டக் கழுவச் சொன்னா ஒரே முக்குல எடுத்துருவாரு டீச்சர். இந்தச் சுத்தமெல்லாம் ரோட்டுலதான்."

வண்டி குலுங்கச் சிரித்தார்கள். ரொமலீயும் சிரித்தான். ஆனால் அவன் கண் நாய்மேல் இருந்தது. மைல்கல்லில் கட்டியிருந்த சோம், மஞ்சள் நிற லாப்ரடார் பெட்டை, அவனைப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற சார்ஜென்ட் தாவோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலை முழுவதும் அப்படித்தான். ரொமலீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, பத்தடிக்கு ஒருதரம் திரும்பித் தாவோனைப் பார்த்தாள். வேலையே செய்யவில்லை. முன்னால் குண்டு தேடும் கருவியோடு போன இரண்டு பையன்களை நம்பித்தான் அன்றைக்கு நான் வண்டியை ஓட்டினேன்.

என் பெயர் சக், பத்தானி மீன்துறையில் பனிக்கட்டி உடைத்து வளர்ந்தவன். அப்பாவும் அதே வேலைதான். அங்கே ஒருவனை மதிப்பதற்கு ஒரே ஒரு அளவுதான். பாரம் தூக்கும்போது அடுத்தவன் தோளில் சாய்க்கிறானா இல்லையா. ராணுவத்தின் துணைப்படையான ரேஞ்சர் படையில் சேர்ந்து இத்தனை வருஷத்தில் அந்த அளவை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அதிகாரிகள் பலர் அதில் தேறவில்லை. சோம் தேறினாள். எங்கள் முகாமுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில், கிளர்ச்சிக்காரர்கள் குண்டு புதைக்கிற சாலையைத் தினமும் காலையில் அவள் மூக்கால் பெருக்கிவிட்டுத்தான் ஆசிரியைகள் போவார்கள். வெயிலில் தார் இளகி அவள் பாதத்தில் ஒட்டும். மழையில் அட்டை காதுக்குள் ஏறும். ஒருநாள்கூடச் சுணங்கியதில்லை. மதகு, பாலத்தடி, யாரோ போட்டுவிட்டுப் போன காஸ் சிலிண்டர், செத்த மாடு, எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு மோந்து பார்ப்பாள். வெடிமருந்தின் வாசனை கிடைத்தால் குரைக்க மாட்டாள், பிறாண்ட மாட்டாள். அப்படியே உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்து தன் ஆளின் முகத்தைப் பார்ப்பாள். அவன் சட்டைப்பையிலிருந்து சிவப்பு ரப்பர் பந்தை எடுத்து எறிவான். அவளுக்குச் சம்பளம், போனஸ், பென்ஷன் எல்லாம் அந்தப் பந்துதான்.

தாவோன் ரோய்-எத் பக்கத்துக்காரன். நெல் வயல், வறட்சி, கடன் என்று இருந்த குடும்பத்திலிருந்து ராணுவத்துக்கு வந்தவன். அவனும் அவளும் வடகிழக்கில் இருக்கும் ராணுவ நாய்ப் பள்ளியில் ஒன்றாகப் பயிற்சி முடித்து ஒன்றாக இறங்கியவர்கள். அவன் அவளைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. மற்றவர்கள்தான் கொஞ்சுவார்கள். சுட்ட பன்றிக்கறியைக் குச்சியோடு நீட்டுவார்கள், அவளோடு படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். தாவோன் அவள் பாதத்தைத் தூக்கி விரலிடுக்கில் முள் இருக்கிறதா என்று பார்ப்பான், காதைத் திருப்பி மோந்து பார்ப்பான், தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து தானும் சாப்பிடுவான். இரண்டு கூலியாட்கள் ஒரு மர நிழலில் சாப்பிடுகிற மாதிரி இருக்கும். வேலை நேரத்தில் அவன் குரல் வெளியே கேட்காது. உதட்டுக்குள்ளேயே ஏதோ முனகுவான். அவள் காது மட்டும் திரும்பும்.

மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு மதகின் பக்கத்தில் சோம் உட்கார்ந்தாள். தாவோன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு பின்வாங்கினான். யாரோ எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்; பாதி தூரம் வருவதற்குள் வெடித்தது. வெடிப்பதற்கு முந்தின நொடியில் அவளைப் பள்ளத்தில் தள்ளி அவள்மேல் விழுந்தான். ஆசிரியைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோமுக்குப் பின்னங்காலில் ஒரு கிழிசல். தாவோனுக்கு இரண்டு காதும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கத்திக் கத்திப் பேசினோம். அவன் எங்கள் வாய்களைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான், டீவியில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பவன்போல.

காது கேட்காதவனைச் சாலையில் நிறுத்த முடியாது. ஊருக்கு அனுப்பும் உத்தரவு வந்தது. சோமுக்கு இன்னும் வேலை செய்கிற வயசு இருந்ததால் அவளை அவனோடு அனுப்ப வழியில்லை. கேப்டன் ஒன்றே ஒன்று சொன்னார்: தாவோன் கிளம்புவதற்குள் அவளை நடத்த ஒரு கை கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் அவளை மேலே நாய்ப் பள்ளிக்கே திருப்பி அனுப்பிவிட்டு, இந்தச் சாலையைக் கருவியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கருவி இரும்பைக் கண்டுபிடிக்கும். பிளாஸ்டிக் குழாயில் அடைத்ததைக் கண்டுபிடிக்காது. இது முகாமில் எல்லோருக்கும் தெரியும். தினமும் அந்த வண்டியில் போகிற சைனப்புக்கும் தெரியும்.

பையன்கள் ஒவ்வொருவராக முயற்சி செய்தார்கள். சோம் வாலை ஆட்டினாள், மடியில் தலை வைத்தாள், கறியைத் தின்றாள். கயிற்றை மாட்டிச் சாலைக்கு அழைத்துப் போனால் புல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் எல்லோரும் அவளுக்கு விருந்தாளிகள். விருந்தாளி சொல்லி யார் வேலை செய்வார்கள்? இதைப் பார்த்துக்கொண்டே இருந்த தாவோன், ஒருநாள் சாப்பாட்டுக் கொட்டகையில் எழுந்து போய் ரொமலீயின் முன்னால் கயிற்றை வைத்தான்.  ரொமலீ இந்த ஊர்க்காரன், மலாய் முஸ்லிம், எங்களோடு பல வருஷம் படையில் இருந்தும் அந்த நாயை ஒருதரம் தொட்டதில்லை. அவள் வந்தால் மூங்கில் தட்டியின் அந்தப் பக்கம் போய்விடுவான். கோபத்தோடு இல்லை, பெரிய மனுஷி வரும்போது வழிவிடுகிற மாதிரி.

"என்ன சார்ஜென்ட், விளையாடுறியா?" என்றான் ரொமலீ, தன் கையைக் காட்டி, அது முடியாது என்று தலையை ஆட்டி.

தாவோன் தன் காதுக்கே கேட்காத உரத்த குரலில் சொன்னான்: "நீ ஒருத்தன்தான் அவளுக்கு லஞ்சம் குடுக்கல."

ரொமலீ அன்று கயிற்றை எடுக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போனபோது நானும் உடன் போனேன். அரிசி மூட்டை இறக்க வேண்டியிருந்தது. சைனப் வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, பாபோவிடம் கேட்டாயா என்றாள். பாபோ என்றால் அந்த ஊர் மதரஸாவின் ஆசான். கேட்டுவிட்டானாம். காவலுக்கும் உயிரைக் காக்கவும் நாய் வைப்பதில் தடையில்லை, கழுவுகிற முறையை மட்டும் விட்டுவிடாதே என்று சொன்னாராம். அப்புறம் என்ன என்றாள். கடைத்தெருவில் என்ன பேசுவார்கள் தெரியுமா, நம் வீட்டுப் பாத்திரத்தில் யார் சாப்பிடுவார்கள் என்று இவன் அடுக்கிக்கொண்டே போனான். அவள் கீரைக்காம்பை முறத்தில் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் தெனம் போற ரோடு அது. கழுவுறதுக்கு நம்ம வீட்டுல மண்ணு இல்லியா?"

அடுத்த நாள் அந்தப் பால்மாவு டப்பாவை அவளே கொடுத்தனுப்பினாள். ஆற்றங்கரை மண்ணை வெயிலில் காயவைத்து மாவுச் சல்லடையில் சலித்திருந்தாள்.

கடைத்தெருவில் அவன் எதிர்பார்த்த பேச்சுகள் வரத்தான் செய்தன. எங்கள் சீருடையே அங்கே பாதிப்பேருக்கு ஆகாது. இப்போது நாய் வேறு. 'நாய் வீட்டு மருமகன் வர்றாரு, மாமியார் வீட்டுல எலும்பு போட்டாங்களா' என்று ஒருவன் கேட்டான். ரொமலீ அவனைப் பார்த்து, உன் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் வழி பார்க்கிறேன், வேண்டாமென்றால் சொல், உன் வீட்டு வாசலோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றான். டீக்கடைக்கார அம்மா சண்டை வளராமல் பார்த்துக்கொண்டாள். அவனுக்கு மட்டும் டீயைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றாமல் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகி, ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தாள். தம்ளரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை, யாருக்கும் அவமானமும் இல்லை. அன்றிலிருந்து நானும் பையிலேயே வாங்கிக் குடித்தேன்.

ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு நாயைக் கைமாற்றுவதற்கு இந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. பழைய ஆள் நாயின் கண்ணெதிரிலேயே இருப்பான். ஆனால் பார்க்க மாட்டான், பேச மாட்டான், சாப்பாடு வைக்க மாட்டான், பந்தைத் தொட மாட்டான். நாய் வந்து காலில் உரசினால் மரத்தைப்போல நிற்பான். தாவோனை ஒளித்து வைத்துவிட்டால் சுலபமாக இருக்குமே என்று நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவன் தலையை ஆட்டினான்.

"நான் செத்துட்டேன்னு அவ நெனைக்கக் கூடாது, சக். செத்தவனத் தேடுவா. நான் ஒதவாதவன்னு நெனைக்கணும். ஒதவாதவன விட்டுருவா."

இதைச் சொன்னபோது அவன் குரல் முகாம் முழுக்கக் கேட்டது. அது அவனுக்குத் தெரியாது.

ரொமலீ தன் வழியில் வேலையைக் கற்றுக்கொண்டான். எச்சில் ஒழுகும் பந்தை நாயின் வாயிலிருந்து கையால் வாங்குவதுதான் எல்லோரும் செய்வது. அவன் இரண்டு பந்து வைத்துக்கொண்டான். ஒரு தகர வாளியில் தண்ணீர் வைத்து, அவள் வாயிலிருக்கும் பந்தை வாளிக்குள் போட்டால்தான் காய்ந்த பந்தை எறிவான். சோம் அதை ஒரே பிற்பகலில் பிடித்துக்கொண்டாள். ஓடி வருவாள், வாளிக்குள் மூக்கை நீட்டி 'தொபுக்' என்று போடுவாள், காதை விறைத்துக்கொண்டு அடுத்ததற்கு நிற்பாள். பையன்கள், தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவுகிற மாதிரி இப்போது நாயே ஒளு எடுக்கிறது என்று கிண்டல் செய்தார்கள். சாப்பாட்டை அவன்தான் வைத்தான். முதலில் அவள் தொடவில்லை. தட்டைப் பார்ப்பாள், கொட்டகையின் மறுமூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் தாவோனைப் பார்ப்பாள், படுத்துவிடுவாள். ரொமலீ ஒன்றும் கெஞ்சவில்லை. தட்டை எடுத்துவிட்டு மறுநாள் வைத்தான். அதற்கு மறுநாள் அவள் சாப்பிட்டாள். தாவோன் அந்தப் பக்கம் தன் தட்டில் இருந்த ஒட்டரிசிச் சோற்றை உருட்டி உருட்டி வைத்துக்கொண்டிருந்தானே தவிர வாயில் போடவில்லை.

சாப்பிட்டாள், விளையாடினாள், ஆனால் வேலை மட்டும் நடக்கவில்லை. முகாமுக்குள் வெடிமருந்துத் துணுக்கைப் புதைத்துப் பழக்கினால், மோப்பம் பிடித்துக்கொண்டே போவாள், வாசனையின் விளிம்புக்குப் போகும்போது சட்டென்று திரும்புவாள். திரும்பித் தாவோனைப் பார்த்து நிற்பாள். அவன் எங்கே நின்றாலும் அப்படித்தான். சாலையிலும் அதுவே. நாய்ப் பள்ளியிலிருந்து பரிசோதகர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இவளுக்கு மனசு உடைந்துவிட்டது, இனி எதற்கும் ஆக மாட்டாள் என்று கேப்டன் சொன்னார். ரொமலீ ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை என்று சைனப் என்னிடம் சொன்னாள். தான்தான் காரணம், தன் கையில் பயம் இருக்கிறது, அது கயிறு வழியாக அவளுக்குப் போகிறது என்று புலம்பினானாம்.

நான் தாவோனின் பக்கத்தில் நின்ற அன்றுதான் விஷயம் தெரிந்தது. அதுவரை எல்லோரும் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ரொமலீ சோமை மண்மேட்டின் ஓரமாக நடத்திக்கொண்டிருந்தான். அவள் மூக்கு தரையை ஒட்டிப் போயிற்று, வால் விறைத்தது, அவளுக்கு வாசனை கிடைத்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அப்போது என் பக்கத்தில், "அங்கதாண்டி... மெதுவா... அங்கதான், என் கண்ணு" என்று தெளிவாகக் கேட்டது. தாவோன் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். முகம் கல்லாக இருந்தது. உதடுகூட அதிகம் அசையவில்லை. மனசுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். காது இருந்த காலத்தில் உதட்டுக்குள் முனகிய அதே முனகல். இப்போது அளவு தெரியாமல் வெளியே வந்துகொண்டிருக்கிறது. சோம் திரும்பினாள். அவளுக்கு எந்தக் கோளாறும் இல்லை. தன் ஆள் கூப்பிட்டான், அவள் திரும்பினாள்.

இதை அவனிடம் சொல்ல என்னால் முடியவில்லை. பாரம் தூக்குகிறவனிடம் போய், நீதான் சாய்க்கிறாய் என்று எப்படிச் சொல்வது? ரொமலீயிடம் சொன்னேன்.  அவன் கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டுத் தாவோனிடம் போனான். எழுதிக் காட்டவில்லை, சைகை செய்யவில்லை. தாவோனின் வலது கையைப் பிடித்து, அந்தக் கையைத் தாவோனின் தொண்டைக்குழியிலேயே வைத்து அழுத்தினான். பிறகு என் பக்கம் திரும்பி, நாயை நடத்து என்று தலையசைத்தான். நான் நடத்தினேன். சோம் மண்மேட்டை நெருங்கியபோது தாவோனின் முகம் மாறியதைப் பார்த்தேன். தன் விரலுக்குக் கீழே தொண்டை அதிர்வது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கையை எடுக்காமல் அப்படியே நின்றான். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தான். இத்தனை நாளாகவா என்று அந்தப் பார்வை கேட்டது. 

மறுநாள் காலையில் அவன் சமையல் கொட்டகைக்குப் போய், பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து, வாய் நிறைய ஊற்றிக்கொண்டு, கன்னம் உப்ப வந்து நின்றான். விழுங்கவில்லை, துப்பவில்லை. நான் முதலில் பல்வலி என்று நினைத்தேன். அந்த வாயோடு வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தான். மழை முகத்தில் அடித்தது. பள்ளிக்கூடம் வரை ஒரு சத்தம் இல்லை. சோம் இரண்டுதரம் காதைத் திருப்பினாள். காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வளைவுக்கு முன்னால், பையன்கள் ஒளித்து வைத்திருந்த துணுக்கின் வாசனை அவளைத் தொட்டது. இழுத்துக்கொண்டு போனாள். புல்லுக்குள் மூக்கை வைத்தாள். உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மெதுவாக, இதுதான் சரியா என்று கேட்பதுபோல ரொமலீயின் முகத்தைப் பார்த்தாள்.

ரொமலீ பந்தை எறிய மறந்துவிட்டான்.  போய் அந்த ஈரத் தலையை இரண்டு வெறுங்கையாலும் பிடித்துக்கொண்டான். ஆசிரியைகள் வண்டியில் எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்று அவன் ஏழு முறை கழுவியபோது யாரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை; சைனப்பே இறங்கிப் போய்ச் செம்பால் ஊற்றினாள். தாவோன் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அந்தத் தண்ணீரை விழுங்குவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

பரிசோதகர் வந்தார், பார்த்தார், போனார். சோம் இங்கேயே இருக்கலாம் என்று உத்தரவாயிற்று. தாவோன் கிளம்புகிற நாள் வந்தது. இந்த வேலையில் நாயிடம் விடைபெறுவது கிடையாது. அது நாய்க்குச் செய்கிற துரோகம் என்று அவனே பல பேருக்குச் சொல்லியிருக்கிறான். அவள் வேலையில் இருக்கும்போது போய்விட வேண்டும். சிக்கல் என்னவென்றால், முகாமிலிருந்து வெளியே போக ஒரே சாலைதான். அவன் போகிற வழியையும் அவள்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அதற்கு அவனே வழி சொன்னான். ஆசிரியைகளையும் பள்ளிக்கூடத்துக் காய்கறிக் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு நான் எப்போதும்போல வர வேண்டும். அவன் வண்டித் தட்டில் கூடைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு தார்ப்பாயை மூடிக்கொள்வான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வண்டியை முழுசாக நிறுத்தாமல் மெதுவாக்கி ஆசிரியைகளை இறக்கிவிட்டு, நேராகப் பெரிய சாலைக்குப் போய் அவனை பஸ் ஏற்ற வேண்டும். ரொமலீயிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. முந்தின நாள் பழைய பந்து ஒன்றை மட்டும் அவன் கையில் வைத்தான், கழுவிக் காயவைத்து, துணியில் சுற்றி. ரொமலீ அதைத் துணியிலிருந்து பிரித்து வெறுங்கையில் வாங்கிக்கொண்டான். எந்த நாள் கிளம்புகிறாய் என்று அவனும் கேட்கவில்லை. தெரிந்தால் அது கயிறு வழியாக அவளுக்கு இறங்கிவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

அன்று காலையில் சோம் வேலை செய்ததைப்போல நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காற்று எதிரிலிருந்து வந்தது. அதனால் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு எட்டியிருக்காது. மழைத்தண்ணீர் ஓடுகிற சாலையில், தலையைத் தாழ்த்தி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, வயலில் ஏர் திரும்புகிற மாதிரி திரும்பித் திரும்பிப் போனாள். ரொமலீயின் கயிறு தொய்வாகவே இருந்தது. அவன் இழுக்கவில்லை, அவளும் இழுக்கவில்லை. தாவோனின் காதைப் பறித்த மதகில் அவள் நின்றாள். நான் பிரேக்கில் காலை வைத்தேன். கீழே இறங்கி, மதகுக்குள் முழு உடம்போடு போய், மறுபக்கம் சேறும் இலையுமாக வெளியே வந்து, உடம்பை உதறிவிட்டு நடந்தாள்.  சைனப் தன் கூடையைத் தார்ப்பாய்மேல் சாய்த்து வைத்து, அதன்மேல் கையைப் போட்டிருந்தாள். தார்ப்பாய்க்கு அடியில் ஒருவன், தன்னைச் சுற்றி நடக்கும் எந்தச் சத்தமும் தெரியாமல், சக்கரத்தின் குலுக்கலை மட்டும் வைத்துத் தன் சாலையை எண்ணிக்கொண்டு கிடந்தான்.

பள்ளிக்கூடம் வந்தது. தப்பு செய்தது நான்தான். பல வருஷம் தினமும் செய்ததைக் கால் தானாகவே செய்தது. வாசலில் வண்டியை முழுசாக நிறுத்தி எஞ்சினைத் தணித்துவிட்டேன். ஆசிரியைகள் இறங்கினார்கள். நான் நினைவு வந்து கியரைப் போடுவதற்குள் ரொமலீயும் தன் பழக்கத்தைச் செய்துவிட்டான். எந்த வண்டியானாலும், எங்கள் வண்டியானாலும், வாசலில் நின்றால் ஒருமுறை நாயைச் சுற்றவிட வேண்டும் என்பது தாவோன் போட்ட சட்டம். கையை வண்டிப்பக்கம் நீட்டினான். சோம் வந்தாள்.

முன் சக்கரத்தை மோந்தாள். என் கதவுக்குக் கீழே வந்தாள். கண்ணாடியில் அவள் முதுகு ஓரமாக ஊர்ந்து பின்னால் போவதைப் பார்த்தேன். சைனப் ரொமலீயைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவனுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் தார்ப்பாயைப் பார்த்தான். கூடைகளுக்கு நடுவில் ஒரு பூட்ஸின் நுனி வெளியே தெரிந்தது.  அவன் சோமைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவள் வேலையில் இருந்தாள்.

சோம் பின்கதவை அடைந்தாள். மூக்கு மேலே எழுந்தது. முன்னங்கால் இரண்டையும் தட்டின் விளிம்பில் வைத்து எழும்பி, தார்ப்பாயின் ஓரத்தில், அந்த பூட்ஸின் பக்கத்தில், மூக்கை வைத்தாள். அவள் விலா உள்ளே போய் வெளியே வந்தது. மறுபடி உள்ளே போயிற்று. வால் அசையவில்லை. முனகவில்லை. தார்ப்பாயும் அசையவில்லை. உள்ளே இருப்பவனுக்கு வண்டி நின்றிருக்கிறது என்பதைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது.

பிறகு அவள் கீழே இறங்கினாள். ஓரடி பின்னால் வந்தாள். நனைந்த சிமெண்ட் தரையில், முதுகை நேராக வைத்து, உட்கார்ந்தாள்.

வெடிமருந்து கிடைத்தால் எப்படி உட்காருவாளோ அப்படி. இதற்குப் பந்தை எறிந்தால் அவள் கற்ற பாடம் கெட்டுப்போகும். எறியாவிட்டால், சரியாகச் சொன்னவளை நம்பவில்லை என்றாகும். ரொமலீயின் கை சட்டைப்பைக்குப் போய்ப் பந்தோடு வெளியே வந்தது. வந்து அங்கேயே நின்றது. வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். நான் கிளட்சை அழுத்திப் பிடித்திருந்தேன். சோம் தார்ப்பாயைப் பார்க்கவில்லை. மழை வழியும் கண்களை இமைக்காமல், ரொமலீயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.